தப்பித்த அடிக்குத்தான் சிரித்தோம்

சனிக்கிழமை எங்கள் திரையிடலில் ஒரு பழைய குத்துச்சண்டை நகைச்சுவைப் படத்துக்கு அரங்கமே சிரித்தது. சினிமா பற்றி எழுதுகிற ஒருவர் அதைக் கண்டித்துப் பதிவு போட்டிருக்கிறார். நடந்ததைப் பாதிப்பேர் நேரில் பார்த்தீர்கள், மீதிப்பேர் அவருடைய பதிவில் படித்துவிட்டீர்கள். திரும்பவும் கதை சொல்லப்போவதில்லை. "அடி வாங்குகிறவனைப் பார்த்துச் சிரிக்கும் கூட்ட மனநிலை" என்று எழுதியிருக்கிறார். சார், நாங்கள் அடிக்குச் சிரிக்கவில்லை. தப்பித்த அடிக்குச் சிரித்தோம்.

அன்று போட்டது சாப்ளினின் குறும்படம் 'தி சாம்பியன்', 1915. நாயோடு அலைகிற ஒருவன், குத்துச்சண்டைப் பயிற்சிக்கு ஆள் தேவை என்ற பலகையைப் பார்த்து உள்ளே போகிறான். அவனுக்கு முன்னால் போனவர்கள் ஒவ்வொருவராகச் சுருண்டு வெளியே வருகிறார்கள். அவன் நைசாகக் கையுறைக்குள் குதிரை லாடத்தைச் சொருகிக்கொள்கிறான். அந்த முகத்தில் தெரிவது வன்முறையா? பயம் சார், வெறும் பயம்.

சாப்ளினின் 'சிட்டி லைட்ஸ்' (1931) குறும்படம் இல்லை, முழுநீளப் படம்தான், ஆனால் அதில் வரும் குத்துச்சண்டையைச் சொல்லாமல் இருக்க முடியாது. நடுவரின் முதுகுக்குப் பின்னால் சாப்ளின் ஒளிகிறார். நடுவர் நகர்ந்தால் அவரும் நகர்கிறார், எதிராளியும் நகர்கிறான். மூன்று பேரும் ஒரே தாளத்தில். எத்தனை குத்து காற்றில் போகிறது என்று பாருங்கள். குத்து தவறும்போதுதான் அரங்கம் அதிர்கிறது. இதை ஏன் திரும்பத் திரும்பச் சொல்லவேண்டியிருக்கிறது என்று தெரியவில்லை.

நிஜக் குத்துச்சண்டை ஒன்றையும் சொல்கிறேன். 1927 செப்டம்பர், சிகாகோ, டன்னிக்கும் டெம்ப்சிக்கும் போட்டி. எதிராளியை விழவைத்தவர் மூலைக்கு ஒதுங்கிய பிறகுதான் நடுவர் பத்து எண்ணத் தொடங்கவேண்டும் என்பது விதி. டன்னியை வீழ்த்திய டெம்ப்சி உடனே மூலைக்கு ஒதுங்கவில்லை. நடுவர் எண்ணத் தாமதித்தார். டன்னி எழுந்து கடைசியில் ஜெயித்தார். பெரிய சர்ச்சை. அந்த வருடமே நகைச்சுவை ஜோடி லாரல்-ஹார்டி அதைப் படமாக்கிவிட்டார்கள். தெரியாத்தனமாக எதிராளியை வீழ்த்திய லாரல், மூலைக்குப் போகாமல் நடுவரோடு மல்லுக்கட்டுகிறார். அதற்குள் விழுந்தவன் தெளிந்துவிடுகிறான். இதில் சிரிப்பு எங்கே இருக்கிறது, குத்திலா?

"ஒருவரையொருவர் அறைந்துகொண்டே சிரிக்கவைக்கிற அந்த மூவர் கூட்டணி, த்ரீ ஸ்டூஜஸ்?" என்று கேட்பீர்கள். சரி, அங்கே அறை விழுகிறது. ஆனால் 'பஞ்ச் ட்ரங்க்ஸ்' (1934) படத்தில், ஒரு குறிப்பிட்ட பாட்டைக் கேட்டால்தான் மூவரில் குத்துச்சண்டை போடுகிற கர்லிக்கு வெறி வரும். சண்டை நடுவே, அந்தப் பாட்டை வாசிக்கிற லேரியின் வயலின் உடைந்துபோக, அந்தப் பாட்டைத் தேடி அவர் தெருவெல்லாம் ஓடுவாரே, அந்த ஓட்டத்துக்குத்தான் நான் சிரித்தேன். "குழந்தைகள் கெட்டுப்போகும்" என்பவர்களுக்குப் பதில் கிடையாது. உங்கள் பிள்ளையின் போனில் என்ன கேம் இருக்கிறது என்று பார்த்துவிட்டு வாருங்கள்.

அடிக்குச் சிரிப்பது எப்படியிருக்கும் என்று எனக்குத் தெரியும். எட்டாம் வகுப்பில், விளையாட்டு பீரியடில், என்னைப்போல் இரண்டு மடங்கு இருந்த பையனுக்கு எதிராகக் கையுறை மாட்டி நிறுத்தினார் ஒரு வாத்தியார். மூக்கில் விழுந்தது. மொத்த வகுப்பும் சிரித்தது, அவரும்தான். பயந்தவன் பக்கம் ஒருத்தர்கூட இல்லை. சாப்ளின் படத்தில் அரங்கமே பயந்தவன் பக்கம். இந்த வித்தியாசம் தெரியாதவர் எனக்கு மனநிலை பாடம் எடுக்கிறார்.

போன மாதம்தான் ஒரு படத்தில் ரத்தம் தெறித்ததை "அழகியல்" என்று மூன்று பாகமாக எழுதினார். ரத்தம் என்றால் அழகியல், லாடம் என்றால் கூட்ட மனநிலை. நல்லா இருக்குங்க.

அப்புறம், அவர் சொன்ன அந்தக் கூட்டத்தில் என் அம்மாவும் இருந்தார். நாய் வந்து எதிராளியைக் கவ்வியபோது முதலில் கைதட்டியதே அவர்தான். என்னை என்ன வேண்டுமானாலும் எழுதியிருக்கலாம்.

அடுத்த மாதம் 'பஞ்ச் ட்ரங்க்ஸ்' போடுகிறோம். அனுமதி இலவசம், அவருக்கும் சேர்த்துத்தான். அம்மாவும் வருவார். கூட்ட மனநிலையை அவரிடமே நேரில் விளக்கிக்கொள்ளட்டும்.