ரயிலா லாரியா? மூட்டை தூக்குபவரிடம் கேளுங்கள்

நெடுஞ்சாலையில் லாரி விபத்து என்று செய்தி வந்தால் போதும், ‘சரக்கையெல்லாம் ரயிலில் அனுப்பித் தொலைக்கக் கூடாதா?’ என்று ஒரு கூட்டம் கிளம்பிவிடுகிறது. இரும்புச் சக்கரம் தண்டவாளத்தில் உருளும்போது உராய்வு குறைவு, எரிபொருள் மிச்சம். இதில் எனக்கும் மறுப்பில்லை. ஆனால் இவர்கள் வண்டி ஓடும் தூரத்துக்கு மட்டுமே கணக்குப் பார்க்கிறார்கள்.

டெல்டா நெல்லையே எடுத்துக்கொள்ளுங்கள். தஞ்சாவூரிலிருந்து 42 வேகன்களில் 2,000 டன் நெல் அரவைக்குப் போனது என்று பத்திரிகையில் அடிக்கடி துண்டுச் செய்தி வரும். கொள்முதல் நிலைய மூட்டை 40 கிலோ. ஆக 50,000 மூட்டை. முதலில் லாரியில் ஏற்ற வேண்டும். ரயில் நிலையத்தில் லாரியிலிருந்து வேகனுக்கு. போய்ச் சேர்ந்த ஊரில் வேகனிலிருந்து மறுபடியும் லாரிக்கு. கடைசியில் ஆலையில் இறக்க வேண்டும். ஒரே மூட்டை நான்கு முறை முதுகேறுகிறது. நேராக லாரியில் போனால் இரண்டே முறை. ஒரு ரயிலுக்கு ஒரு லட்சம் தூக்கல் கூடுதல்! ஒவ்வொரு முறையும் கொக்கி சாக்கைக் குத்தும், நெல் சிந்தும். (நீடாமங்கலம் ரயில்வே கேட்டில் சரக்கு ரயிலுக்காகக் காத்துக் கிடந்தவர்கள் சொல்லும் செலவு தனி.)

அதற்காக ரயில் வேண்டாம் என்பதல்ல. அதே 2,000 டன்னைப் பத்துச் சக்கர லாரிகளில் அனுப்பினால் நூறு வண்டிக்கு மேல் சாலையில் இறங்கும்.

நிலக்கரிக்கு இந்தத் தொல்லை கிடையாது. மேட்டூர் போன்ற அனல்மின் நிலையங்களுக்குள்ளேயே தண்டவாளம் போகிறது. வேகனை அப்படியே பிடித்துக் கவிழ்த்துக் கொட்ட இயந்திரமும் உண்டு. கை படாத சரக்கில் ரயிலை அடித்துக்கொள்ள ஆளில்லை. நாமக்கல் முட்டை லாரியை விட்டு இறங்காததும் இதனால்தான். பண்ணை வாசலில் ஏறி, கேரளத்து வியாபாரி வாசலில் இறங்குகிற சரக்கை நடுவழியில் இரண்டு முறை கைமாற்ற யாருக்குத் துணிச்சல் வரும்?

கொங்கண் ரயில்வே இதற்கு 1999இலேயே ஒரு வழி கண்டது. மகாராஷ்டிரத்தின் கோலாடிலிருந்து கோவாவின் வெர்ணாவுக்கு, சரக்கோடு லாரியையே தட்டை வேகனில் ஏற்றிக் கொண்டுபோனது. ஓட்டுநரும் கிளீனரும் தங்கள் வண்டியிலேயே உட்கார்ந்து வரலாம். மலைப்பாதை வளைவுகளும் மிச்சம். ஒரு மூட்டையும் அசைய வேண்டாம்.

எல்லா ஊருக்கும் அது சரிப்படாது. ஆனால் புதிதாக நெல் கிடங்கு கட்டும்போதாவது தண்டவாளத்தை ஒட்டி இடம் பார்க்கலாமே? இரண்டு கூடுதல் தூக்கலில் ஒன்றாவது ஒழியும். புறவழிச்சாலை ஓரமாகக் கட்டிவிட்டு, அப்புறம் ரயிலில் சரக்கு ஏறவில்லை என்று அங்கலாய்ப்பது என்ன நியாயம்?