அடுக்கு பகா எண்ணாக இருந்தால் மட்டும் போதாது

2^136279841−1 என்ற மாபெரும் பகா எண்ணைப் பற்றிய உங்கள் கட்டுரை அருமை. ஒரு திருத்தம்: 2-இன் அடுக்கு பகா எண்ணாக இருந்தாலே போதும், அதிலிருந்து 1-ஐக் கழித்து வருவதும் பகா எண்ணாகிவிடும் என்ற தொனியில் எழுதியிருக்கிறீர்கள். 11 பகா எண்தான்; ஆனால் 2^11−1 = 2047 = 23 × 89.

இத்தகைய எண் பகா எண்தானா என்று சோதிக்கும் முறையையும் சேர்த்திருக்கலாம், அழகே அதில்தான் இருக்கிறது. லூகாஸ்–லெமர் சோதனையில் 4-இல் தொடங்கி, வர்க்கப்படுத்தி 2-ஐக் கழித்து, சோதிக்கும் எண்ணால் வகுத்து மீதியை மட்டும் அடுத்த படிக்கு எடுத்துச் செல்ல வேண்டும். 31-க்கு (2^5−1) செய்து பாருங்கள்: 4, 14, அடுத்து 194; 31-ஆல் வகுத்தால் மீதி 8. அதன் வர்க்கம் 64, இரண்டு போக 62. மீதியின்றி வகுபடுகிறது, ஆகவே பகா எண்! அடுக்கான 5-ஐ விட இரண்டு குறைவாக, மூன்றே படிகள். உங்கள் கட்டுரையின் எண்ணுக்கோ 13 கோடிக்கும் மேல். இதன் முன்னோடி முறையை வைத்து 39 இலக்க 2^127−1-ஐ பிரெஞ்சுக் கணிதவியலாளர் லூகாஸ் 1876-இலேயே, கணினி எதுவும் இல்லாமல், பகா எண் என்று காட்டினார்.