தனியார் பார்க்கிங் நிறுவனம் வழக்குப் போட்டால் பதில் எழுதுங்கள்

பிரித்தானியாவில் வாழும் நம்மவர்களிடையே தனியார் பார்க்கிங் நிறுவனங்கள் பணம் கேட்டு அனுப்பும் கடிதங்களைப் பற்றி இரண்டு ஆலோசனைகள் நெடுங்காலமாக உலவுகின்றன. "வீண் வம்பு வேண்டாம், கட்டிவிட்டு வேலையைப் பார்" என்பது ஒன்று. "அவன் கவுன்சிலும் இல்லை, பொலிஸும் இல்லை, கிழித்துக் குப்பையில் போடு" என்பது மற்றது. முதலாவதைக் கேட்டால் பெரும்பாலும் அறுபது பவுணோடு போய்விடும். இரண்டாவதைக் கடைசிவரை கேட்டால் வீடு வாங்கப் போகும் நேரத்தில் வங்கி கையை விரிக்கும். என்னிடம் கடிதங்களைக் கொண்டுவந்து காட்டுகிறவர்களில் சிலர், கடன் வசூலிப்பவர்களின் மிரட்டல் கடிதங்களோடு நீதிமன்றப் படிவத்தையும் ஒரே பையில் போட்டுக்கொண்டு வருவதைப் பார்த்த பிறகே இதை எழுதுகிறேன்.

குப்பையில் போடச் சொன்னவர்கள் ஒரு காலத்தில் சரியாகத்தான் சொன்னார்கள். 2012 ஒக்டோபர் முதலாம் திகதி வரை, காரை ஓட்டியவர் யார் என்பதைத் தெரிந்துகொள்ளாமல் நிறுவனத்தால் அதிகம் செய்ய முடியவில்லை. அன்று நடைமுறைக்கு வந்த சுதந்திரங்கள் பாதுகாப்புச் சட்டத்தின் (Protection of Freedoms Act 2012) நான்காம் அட்டவணை, இங்கிலாந்திலும் வேல்ஸிலும், சில நிபந்தனைகள் நிறைவேறினால் லொக்புக்கில், அதாவது காரின் பதிவுப் புத்தகத்தில், பெயர் உள்ள பொறுப்பாளரான கீப்பரிடமே பணத்தைக் கேட்கலாம் என்று மாற்றியது. நிறுவனங்கள் 2.50 பவுண் கட்டி, வாகனப் பதிவு அலுவலகமான டிவிஎல்ஏயிடம் கீப்பரின் பெயரையும் முகவரியையும் வாங்கிக்கொள்கின்றன. அதற்குப் பிறகு 2015 நவம்பரில் பார்க்கிங்ஐ நிறுவனத்துக்கும் பீவிஸ் என்பவருக்கும் இடையிலான வழக்கில் உச்ச நீதிமன்றத் தீர்ப்பு வந்தது. செம்ஸ்ஃபோர்டில் ஒரு கடைத்தொகுதியில் இரண்டு மணி நேர இலவச நேரத்தைத் தாண்டி 56 நிமிடங்கள் நின்ற காருக்கு 85 பவுண் கேட்டது செல்லும் என்று, ஒரு நீதிபதி மட்டும் மாறுபட, மற்றைய ஆறு பேரும் முடிவு செய்தார்கள். "தனியார் அபராதம் செல்லாது" என்ற பழைய வாதம் அத்துடன் தீர்ந்துவிட்டது. இன்றும் அதையே எதிர்வாதமாக எழுதிக் கொடுக்கிறவர்கள் இருக்கிறார்கள். அது நீதிபதியின் பொறுமையைச் சோதிப்பதைத் தவிர வேறொன்றும் செய்யாது.

ஆனாலும் அதே தீர்ப்பை நிறுவனத்துக்கு எதிராகவும் வாசிக்கலாம். அந்தக் கட்டணம் செல்லுபடியானதற்கு ஒரு முக்கிய காரணம், அந்த வளாகத்தில் இருந்த ஏறத்தாழ இருபது அறிவிப்புப் பலகைகளும் பெரியவையாக, கண்ணில் படும்படியாக, வாசிக்கக்கூடியவையாக இருந்ததுதான். மின்கம்பத்தின் உச்சியில், வெளிச்சமில்லாத மூலையில், பத்து வரி நிபந்தனைகளுக்கு நடுவே பொடி எழுத்தில் 100 பவுண் என்று எழுதி வைத்த நிறுவனம் அந்தத் தீர்ப்பின் நிழலில் ஒதுங்க முடியாது. ஆகவே முதலில் செய்ய வேண்டியது, சம்பவம் நடந்த அதே நேரத்தில், இரவென்றால் இரவிலேயே, அங்கே போய் நுழைவாயிலிலிருந்தும் ஓட்டுநரின் இருக்கையிலிருந்தும் பலகையைப் படம் எடுப்பது. பலகைகளை மாற்ற நிறுவனத்துக்கு அதிக நேரம் தேவைப்படாது.

இனி அந்தப் படிவம். ஒன்றை மேசையில் விரித்துப் பார்ப்போம். நோர்தாம்டனிலுள்ள நீதிமன்ற நிலையத்தின் பெயர், ஒரு வழக்கிலக்கம், வெளியிட்ட திகதி, இணையத்தில் பதிலளிப்பதற்கான கடவுச்சொல் ஆகியவை இருக்கும். தொகையைக் கூட்டிப் பார்த்தால் 100 பவுண் கட்டணத்தோடு "வசூல் செலவு" என்று 70, நீதிமன்றக் கட்டணம் 35, சட்டத்தரணி செலவு 50, போதாக்குறைக்கு வட்டி. விவரம் எழுத வேண்டிய பெட்டியில் சில வரிகள் மட்டுமே. இன்ன இலக்கமுள்ள கார் இன்ன இடத்தில் நிபந்தனைகளை மீறியது, பிரதிவாதி ஓட்டுநராகவோ கீப்பராகவோ பொறுப்பாளி, அவ்வளவுதான். எந்த நிபந்தனை, எப்படி மீறப்பட்டது என்று பல படிவங்களில் ஒரு சொல்கூட இருப்பதில்லை. 2023 ஓகஸ்டில் லூட்டனில் ஒரு மேன்முறையீட்டு நீதிபதி, இப்படி மொட்டையாக எழுதப்பட்ட வழக்கைத் தள்ளுபடி செய்தார். அந்த முடிவு மற்றைய நீதிபதிகளைக் கட்டுப்படுத்தாது. சிலர் அதைப் பின்பற்றுகிறார்கள், சிலர் நிறுவனத்துக்குத் திருத்தி எழுத இன்னொரு வாய்ப்புக் கொடுக்கிறார்கள். உங்கள் படிவத்தில் காரணம் தெளிவாக எழுதப்பட்டிருந்தால் இந்த வாதம் உங்களுக்கு உதவாது, அதைத் தொடவே வேண்டாம்.

நாட்கணக்குத்தான் இதில் உயிர்நாடி. படிவம் வெளியிடப்பட்ட திகதியிலிருந்து ஐந்தாம் நாள் அது உங்கள் கைக்குக் கிடைத்ததாகக் கொள்ளப்படும். அதிலிருந்து 14 நாட்களுக்குள், முழுத் தொகையையும் எதிர்க்கிறேன் என்று இணையத்தில் அறிவித்துவிட்டால், எதிர்வாதம் எழுத மொத்தம் 28 நாட்கள், அதாவது வெளியிட்ட திகதியிலிருந்து 33 நாட்கள் கிடைக்கும். இந்த நாட்களைத் தவறவிட்டால் எவரும் உங்கள் நியாயத்தைக் கேட்கப்போவதில்லை. நிறுவனம் கேட்டபடி தீர்ப்பு தானாக எழுதப்படும், ஆறு ஆண்டுகள் அது சிசிஜேயாக (CCJ, கடன் கட்டச் சொல்லும் நீதிமன்றத் தீர்ப்பாக), வங்கிகள் பார்க்கும் பதிவேட்டில் நிற்கும். வாடகை வீடு மாறி மாறி வாழும் நம்மவர்களுக்கு இதில் இன்னொரு கண்ணியும் இருக்கிறது. லொக்புக்கில் பழைய முகவரி இருந்தால் கடிதமெல்லாம் அங்கேதான் போகும்; வங்கி சொல்லித்தான் தீர்ப்பு வந்ததே தெரியவரும். அதை நீக்கக் கோரி விண்ணப்பிப்பதற்கே 300 பவுணுக்கு மேல் கட்ட வேண்டும்.

எதிர்வாதத்தில் குடும்பக் கதை எழுதாதீர்கள். அம்மாவை மருத்துவரிடம் கூட்டிப்போனதும் பிள்ளை அழுததும் மனிதருக்குப் புரியும், ஆனால் அவை தாமாகச் சட்டக் காரணங்களாகிவிடுவதில்லை. எது நடந்தது, எதை ஒப்புக்கொள்கிறீர்கள், எதை மறுக்கிறீர்கள், ஏன் என்பதை இலக்கமிட்ட சிறு பந்திகளாக எழுதுங்கள். ஓட்டியவர் யார் என்று நிறுவனத்துக்குத் தெரியாவிட்டால், கீப்பரைப் பிடிக்க அது மேலே சொன்ன நான்காம் அட்டவணையின் நிபந்தனைகளை நிறைவேற்றியிருக்க வேண்டும். கமரா மட்டும் பதிவு செய்து, காரில் எதையும் ஒட்டாத இடங்களில், அறிவித்தல் 14 நாட்களுக்குள் கீப்பரிடம் சேர்ந்திருக்க வேண்டும் என்பது அவற்றில் ஒன்று. அது பிந்தியிருந்தால், கீப்பரே ஓட்டியிருப்பார் என்று கருதும்படி அந்தச் சட்டத்தில் எங்கும் சொல்லப்படவில்லை. அப்பா, மகன், மருமகள் என்று மூவர் ஒரே காரை ஓட்டும் வீடுகள் நம்மிடம் எத்தனை! அடுக்குமாடியில் குடியிருப்பவர்கள் தங்கள் குத்தகை உடன்படிக்கையை எடுத்து, அதில் வாகனம் நிறுத்தும் உரிமை இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். தளபாடம் இறக்குவதற்காக வாசலில் சில நிமிடங்கள் நிறுத்திய குடியிருப்பாளர் ஒருவருக்குச் சாதகமாக 2016இல் ஒக்ஸ்ஃபோர்டில் மேன்முறையீட்டுத் தீர்ப்பு வந்திருக்கிறது. பொருள் இறக்க நிற்பதை "பார்க்கிங்" என்று கொள்ள முடியாது என்றார் நீதிபதி.

இங்கே ஒன்றைக் கறாராகச் சொல்ல வேண்டும். எதிர்வாதத்தின் அடியில் இவை உண்மை என்று கையெழுத்திடுகிறீர்கள். ஓட்டியது நீங்கள்தான் என்றால் "நான் ஓட்டவில்லை" என்று எழுதுவது நீதிமன்ற அவமதிப்பு வரை போகக்கூடிய பொய். நூறு பவுணுக்காக யாரும் அதைச் செய்யக்கூடாது. வாட்ஸ்அப் குழுவில் சுற்றிவரும் எதிர்வாத மாதிரியை வாசிக்காமல் ஒட்டி அனுப்புகிறவர்கள், தாங்கள் எதற்குக் கையெழுத்துப் போடுகிறோம் என்றே அறியாமல் இந்தக் குழியில் விழுகிறார்கள்.

பதில் போன பிறகு பயப்பட அதிகம் இல்லை. 2024 மே முதல் இத்தகைய சிறுவழக்குகளில் தொலைபேசிச் சமரசம் கட்டாயமாக்கப்பட்டிருக்கிறது. இலவசம், ஒரு மணி நேரத்துக்கு மேல் போகாது, தொலைபேசியை எடுத்தே ஆக வேண்டும், ஆனால் ஒரு பென்னிக்கும் இணங்க வேண்டிய கட்டாயம் இல்லை. பிறகு வழக்கு உங்கள் ஊர் நீதிமன்றத்துக்கு மாற்றப்படும். விசாரணைக் கட்டணம் கட்டும் திகதி நெருங்கும்போது வழக்கைக் கைவிடும் நிறுவனங்களும் உண்டு. கைவிடாவிட்டால், ஒரு சாதாரண அறையில் மேசையைச் சுற்றி உட்கார்ந்து பேசுவதுதான் பெரும்பாலும் விசாரணை. கறுப்பு அங்கியும் கூண்டும் நம் சினிமாவோடு சரி. தோற்றால் என்ன ஆகும் என்பதுதான் எல்லோருடைய கேள்வி. நீங்கள் முறைகேடாக நடந்துகொள்ளாத வரை எதிர்த்தரப்பின் மேலதிகச் சட்டத்தரணிச் செலவு உங்கள் தலையில் விழாது. படிவத்தில் ஏற்கெனவே உள்ள தொகைக்கு மேல் சேர்வது முக்கியமாக விசாரணைக் கட்டணமான 27 பவுண்தான். தீர்ப்பு வந்து ஒரு மாதத்துக்குள் முழுவதையும் கட்டினால் பதிவேட்டிலிருந்து பெயர் நீக்கப்படும், வங்கிக்கும் தெரியாது. வென்றால் வேலைக்குப் போகாத அந்த நாளுக்கு 95 பவுண் வரை கேட்கலாம்.

எனக்கு உண்மையில் கோபம் வருவது அந்த 70 பவுணைப் பார்க்கும்போதுதான். நான்கு அச்சடித்த மிரட்டல் கடிதங்களுக்கு அது கூலியாம்! கடிதம் எழுதிச் சேகரிக்கும் செலவெல்லாம் அடிப்படைக் கட்டணத்துக்குள்ளேயே அடங்குகிறது என்ற வாதத்தை நீதிபதிகள் சிலர் ஏற்று அதை வெட்டிவிடுகிறார்கள், சிலர் விட்டுவிடுகிறார்கள். கீப்பர் என்ற முறையில் மட்டும் ஒருவரைப் பிடித்தால், அறிவித்தலில் குறித்த தொகைக்கு மேல் கேட்க முடியாது என்று சட்டமே சொல்கிறது; இதை எதிர்வாதத்தில் மறக்காமல் எழுதுங்கள். பாராளுமன்றம் 2019இல் இதற்கென ஒரு சட்டம் இயற்றியது, 2022 பெப்ரவரியில் இந்த மேலதிகத் தொகையைத் தடைசெய்யும் நடத்தை விதிகளை அரசாங்கம் வெளியிட்டது, நிறுவனங்கள் நீதிமன்றம் போனதும் அதே ஆண்டு ஜூனில் அவற்றை மீளப் பெற்றுக்கொண்டது. 2025 ஜூலையில் மறுபடியும் பொதுமக்களிடம் கருத்துக் கேட்டார்கள். இத்தனை ஆண்டுகளாகப் படிவங்களில் அந்த 70 மட்டும் தவறாமல் வந்துகொண்டே இருக்கிறது.

உங்களுக்கு வந்த படிவத்தைப் பற்றிக் கேட்க விரும்புகிறவர்கள் தாராளமாகக் கேளுங்கள். ஆனால் படம் பிடித்து இங்கே போடாதீர்கள். அதிலுள்ள வழக்கிலக்கத்தையும் கடவுச்சொல்லையும் வைத்து வேறொருவர் உங்கள் பெயரில் நுழைந்துவிட முடியும். வெளியிட்ட திகதியையும், விவரப் பெட்டியில் உள்ள வரிகளையும் மட்டும் தட்டச்சு செய்து அனுப்பினால் போதும்.