கனசதுர விளையாட்டு உளவியல் சோதனை இல்லை

பாலைவனத்தில் கனசதுரம், ஏணி, குதிரை எல்லாம் கற்பனை செய்யச் சொல்லும் விளையாட்டு ‘உளவியலில் நிரூபிக்கப்பட்ட சோதனை’ என்று ஒருவர் எழுதியிருக்கிறார். தவறு. கனசதுரம் நீங்கள், ஏணி நண்பர்கள், குதிரை துணை என்பது விளையாட்டின் வழக்கம், அவ்வளவுதான். ‘என்னையே சொல்லிவிட்டது’ என்று தோன்றுவதற்குக் காரணம் வேறு: பொதுவான வரிகள் யாருக்கும் பொருந்துவதுபோலத் தோன்றும். 1948இல் அமெரிக்க உளவியலாளர் பெர்ட்ரம் ஃபோரர் தம் மாணவர்கள் 39 பேருக்கும் ஒரே குணக்குறிப்பைக் கொடுத்தார். தனக்கென்றே எழுதியது என நம்பி, அது எவ்வளவு பொருந்துகிறது என்பதற்கு ஐந்துக்குச் சராசரியாக நான்குக்கு மேல் மதிப்பெண் போட்டார்கள்!

குணம் கணிக்காமல், ‘ஏன் அப்படித் தெரிந்தது?’ என்று கேட்டால் பழக நல்ல வழி. வேலந்தாவளத்தில் எங்கள் பக்கத்து வீட்டுக்குப் புதிதாக வந்த சேச்சி, ஏணி தென்னையில் சாய்ந்திருக்கிறது என்றார். பாலைவனத்தில் ஏது தென்னை என்றேன். அப்புறம், பாலக்காடு பக்கத்துச் சித்தூரில் கள் இறக்கிய தன் அப்பாவைப் பற்றி ஒரு மணி நேரம் பேசினார்.