பிரஷர் சுவிட்ச் மேல் பழி வேண்டாம்
ஏர் கம்ப்ரசரில் மோட்டார் நின்ற பிறகும் பிரஷர் சுவிட்ச் (காற்றழுத்தத்தைப் பார்த்து மோட்டாரை ஓட்டி நிறுத்துவது) அடியில் காற்று கசிந்தால் சுவிட்சையே மாற்றச் சொல்கிறார் ஒரு அண்ணா. பெரும்பாலும் அது வீண் செலவுங்க. நின்றதும் ஓரிரு நொடி ‘புஸ்’ என்பது அன்லோடர் வால்வின் வேலை. ஹெட்டில் (காற்றை அழுத்தும் பம்பின் தலைப்பகுதி) தங்கிய காற்றை விட்டால்தான் மோட்டார் அடுத்த முறை திணறாமல் எடுக்கும். விடாமல் சீறினால் டேங்க் வாயிலில் இருக்கும் நான்-ரிட்டர்ன் வால்வை (காற்றை ஒரே பக்கம் மட்டும் விடுவது) பாருங்கள். கரி படிந்து அது சரியாக மூடாவிட்டால் டேங்க் காற்று திரும்பி வந்து அன்லோடர் வழியாகத்தான் போகும். மெயினை அணைத்து, காற்றை முழுக்க இறக்கி (மீட்டர் பூஜ்யத்துக்கு வரணும், இதில் அவசரமே கூடாது) கழற்றித் துடைத்துப் பாருங்கள். தேய்ந்திருந்தால் கோயம்புத்தூர் கடைகளில் அந்த வால்வு மட்டும் தனியாகவே கிடைக்கும். மோட்டார் ஓடும்போதே கசிந்தால், சரி, அப்போது அன்லோடரைச் சந்தேகப்படலாம்.