எஸ்எஸ்டி கேஷ் சேர்க்க டிஸ்கை அழிக்கத் தேவையில்லை

அண்ணே, பழைய ஹார்ட் டிஸ்கின் வேகத்தைக் கூட்ட எஸ்எஸ்டியைக் கேஷாக (அடிக்கடி தேவைப்படுவதை வைக்கும் வேகமான இடமாக) சேர்ப்பது பற்றி ஒரு தம்பி கேட்டதற்கு, "கேஷ் போடணும்னா பழைய டிஸ்கை ஃபார்மேட் பண்ணியே ஆகணும், போட்டுட்டா பேக்கப் வேணாம்" என்று மேலே எழுதியிருக்கிறீர்கள். இரண்டுமே தவறு. கேள்வி கேட்ட காரைக்குடித் தம்பியின் டிஸ்கில் கானாடுகாத்தான், பள்ளத்தூர் வீடுகளின் பழைய கணக்கேடு ஸ்கேன்கள் இருக்கின்றன. இதை நம்பி அழித்துவிடக் கூடாது.

ஃபார்மேட் விஷயம் லினக்ஸின் ஒரு கேஷ் வசதியான பிகேஷுக்கு (bcache) ஓரளவு பொருந்தும். 2013இல் லினக்ஸ் 3.10இல் வந்த அது, டிஸ்கின் தொடக்கத்தில் தன் குறிப்பை எழுதும். அதனால் டேட்டா உள்ள டிஸ்கில் அப்படியே போட முடியாது. ஆனால் தம்பி எல்விஎம்மில் (டிஸ்குகளை ஒன்றாகச் சேர்த்து வேண்டியபடி பிரிக்கும் லினக்ஸ் வசதி, LVM) வைத்திருப்பதாகச் சொல்கிறார். அதில் எஸ்எஸ்டியை அதே வால்யூம் குரூப்பில் (டிஸ்குத் தொகுப்பில்) சேர்த்து, எல்விகன்வர்ட் கட்டளையால் கேஷாக இணைக்கலாம். உள்ளே இருக்கும் இஎக்ஸ்டி4 ஃபைல்சிஸ்டம் (கோப்புகளை அடுக்கி வைக்கும் அமைப்பு) அப்படியே இருக்கும். வேண்டாமென்றால் அன்கேஷ் கொடுத்துக் கழற்றலாம். இசட்எஃப்எஸ் (ZFS) என்ற வேறொரு ஃபைல்சிஸ்டத்தின் பூலிலும் (டிஸ்குத் தொகுப்பிலும்) அதன் எஸ்எஸ்டி கேஷான எல்2ஆர்க்கைப் (L2ARC) பிறகு சேர்க்கலாம், எடுக்கலாம்.

பேக்கப் பற்றிச் சொன்னதுதான் ஆபத்தானது. கேஷில் இருப்பது அடிக்கடி தொடும் பகுதிகள் மட்டும். முழு நகல் இல்லை. ரைட்த்ரூ முறையில் எழுதுவதெல்லாம் டிஸ்குக்கும் போய்விடும், எஸ்எஸ்டி செத்தாலும் டேட்டா தப்பும். ரைட்பேக்கில் புது எழுத்து முதலில் எஸ்எஸ்டியில் மட்டும் நிற்கும். அந்நேரம் அது போனால் ஃபைல்சிஸ்டமே சிதையலாம். ஒற்றை எஸ்எஸ்டியில் ரைட்பேக் வேண்டவே வேண்டாம்.

தம்பி, பெரிய டிஃப் (TIFF) ஸ்கேன் கோப்புகளை ஒரே மூச்சாகக் காப்பி செய்வதற்குக் கேஷ் பெரிதாக உதவாது. தம்ப்நெயில், கேட்டலாக் திறப்பதில்தான் வேகம் தெரியும். முதலில் வேறொரு டிஸ்கில் முழு நகல் எடுத்துவிட்டு அப்புறம் கை வையுங்கள்.