காபி ஷாப் சுவரும் ஓவியர் கூலியும்

வடசென்னையில் வண்ணாரப்பேட்டை, பெரம்பூர் பக்கம் புதிதாகக் காபி ஷாப் திறப்பவர்கள் சுவரோவியம் வரைய ஆள் தேடுகிறார்கள். ரொம்பச் சந்தோஷம். ஆனால் ஓவியர்களிடம் பேசுகிற விதம்தான் வயிற்றெரிச்சலாக இருக்கிறது.

எனக்குத் தெரிந்த ஒரு தம்பியை ஒரு கடைக்குக் கூப்பிட்டார்கள். பெரிய சுவர், ஒரு வாரத்துக்குக் குறையாத வேலை. "பெயிண்ட் நாங்க வாங்கித் தர்றோம், இன்ஸ்டால டேக் பண்றோம், உங்களுக்கு நல்ல விளம்பரம்" என்றார்களாம். கூலி பற்றிப் பேச்சே இல்லை. அதே கடையில் டைல்ஸ் ஒட்டியவரிடமும் ஏசி மாட்டியவரிடமும் இப்படிப் பேசியிருப்பார்களா?

ஃப்ளெக்ஸ் வரும்வரை நம் ஏரியாவில் கடை போர்டு, கட்சி விளம்பரம், கட்-அவுட் எல்லாமே கைவேலைதான். நீலப்பொடி தோய்த்த நூலை இரண்டு பக்கமும் இழுத்துப் பிடித்து நடுவில் சுண்டிவிடுவார்கள். சுவரில் பளிச்சென்று கோடு விழும். அதன்மேல் ஆளுயர எழுத்தை ஒரே மூச்சில் இழுத்து முடிப்பார்கள். அந்தக் கைக்காரர்கள் இன்னும் நம் தெருக்களில்தான் இருக்கிறார்கள், கிடைத்த பெயிண்டிங் வேலைக்குப் போய்க்கொண்டு. 1850இல் தொடங்கிய கவின் கலைக் கல்லூரி இங்கிருந்து கூப்பிடு தூரம். அங்கே படித்த பிள்ளைகளும் இருக்கிறார்கள். சதுர அடிக்கு இவ்வளவு என்று பேசுங்கள், அட்வான்ஸ் கொடுங்கள், அப்புறம் வேலையை ஆரம்பிக்கச் சொல்லுங்கள்.

சுவரையும் பாருங்கள். ஓதம் ஏறிய சுவரில் எவ்வளவு விலையுயர்ந்த பெயிண்ட் அடித்தாலும் உப்புப் பூத்துப் பொரிந்து உதிரும். ஓதத்தைச் சரிசெய்து, பட்டி பார்த்து, பிரைமர் அடித்துக் கொடுப்பது கடைக்காரர் பொறுப்பு.

சரி, என்ன வரைவது? 'வடசென்னை தீம்' என்றதும் அரிவாளும் முறைத்துப் பார்க்கும் முகமும்தான் கேட்கிறார்கள். இங்கே பிறந்தவளாக இது எனக்கு வலிக்கிறது. தென்னிந்தியாவின் முதல் பயணிகள் ரயில் 1856இல் ராயபுரத்திலிருந்துதான் புறப்பட்டது. 1918இல் சென்னைத் தொழிலாளர் சங்கம் பின்னி மில் தொழிலாளர்களால்தான் எழுந்தது. காசிமேட்டு மீன் ஏலத்தில் கூடையை இடுப்பில் இடுக்கிக்கொண்டு விலை கேட்கும் அக்காவின் முகம் ஒன்று போதாதா ஒரு சுவருக்கு? எதை வரையலாம் என்று ஓவியரிடமே கேளுங்கள்.

ஓவியத்தின் ஓரத்தில் அவர் கையெழுத்துக்கும் இடம் விடுங்கள். அது நீங்கள் போடும் பிச்சை இல்லை. காப்புரிமையை நீங்களே வாங்கிவிட்டாலும், 'இது என் படைப்பு' என்று சொல்லும் உரிமை 1957ஆம் ஆண்டுக் காப்புரிமைச் சட்டத்தின் 57ஆம் பிரிவுப்படி படைத்தவரிடமே இருக்கும். டெல்லி விஞ்ஞான் பவனில் அமர்நாத் சேகல் செய்த பிரம்மாண்ட வெண்கலச் சுவர்ச் சிற்பத்தை அரசே கழற்றிச் சேதப்படுத்தியபோது, அவர் வழக்குப் போட்டார். 2005இல் டெல்லி உயர் நீதிமன்றம் மிச்சத்தை அவரிடம் திருப்பிக் கொடுக்கச் சொன்னதோடு, 5 லட்சம் ரூபாய் இழப்பீடும் கொடுக்கச் சொன்னது.

கடை திறக்கப் போகிறவர்கள் இன்பாக்ஸில் வாருங்கள். நல்ல ஓவியர்களிடம் கேட்டுவிட்டு அவர்கள் நம்பர் தருகிறேன். கூலிக்கு எவ்வளவு ஒதுக்கியிருக்கிறீர்கள் என்பதை முதல் வரியிலேயே சொல்லிவிடுங்கள்.